பிரெஞ்சு ஒயின்: ஊர்ப் பெயரை வைத்து திராட்சையைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்கரை:
வணக்கம். வேலைக்காக லியோன் வந்திருக்கிறேன். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் ஒயின் அடுக்கு முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. ஆஸ்திரேலிய பாட்டிலில் ஷிராஸ், ஷார்டனே என்று திராட்சையின் பெயரே பெரிதாக இருக்கும், பார்த்து எடுத்துவிடலாம். இங்கே ஷாப்லி, சான்சேர், போமரோல் என்று எல்லாம் ஊர்ப் பெயர்கள். உள்ளே என்ன திராட்சை என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மலைக்காற்று:
பெரும்பாலும் ஊரை வைத்தே சொல்லிவிடலாம் நண்பரே. இது வெறும் வழக்கமில்லை, சட்டம். 1935-இல் வந்த ஏஓசி முறைப்படி, அதாவது ஒயினின் ஊர்ப் பெயரைச் சட்டப்படி காக்கும் முறைப்படி, எந்த எல்லைக்குள் எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பது வரை விதி உண்டு. ஷாப்லி என்றால் முழுக்க ஷார்டனே. சான்சேர் வெள்ளையாக இருந்தால் சோவின்யோன் பிளான், சிவப்பாக இருந்தால் பினோ நுவார். போமரோலில் மெர்லோதான் முக்கியம்.

நீங்கள் இருக்கும் இடமே நல்ல இடம். லியோனுக்கு வடக்கே போஜொலே, அங்கே சிவப்பு என்றால் காமே திராட்சை. தெற்கே ரோன் நதியை ஒட்டிப் போனால் கோத் ரோத்தி, அங்கே சிரா, அதாவது உங்கள் ஷிராஸேதான். இந்தக் காமேயை 1395-இல், போஜொலேக்கு வடக்கே உள்ள பர்கண்டியின் பிரபு துணிச்சல்கார பிலிப் தன் மண்ணில் இருந்தே பிடுங்கச் சொன்னார். பினோ நுவாரின் பெயரைக் கெடுக்கிறது என்பது அவர் கோபம். அதே காமே போஜொலேயின் கருங்கல் மண்ணில் எவ்வளவு அழகாக வருகிறது என்று குடித்துப் பார்த்தால் தெரியும்.

நதிமூலம்:
தென்மேற்கில் உள்ள போர்தோ பகுதி பற்றி யாரும் சொல்லவில்லையே, போமரோலும் அங்கேதான். அங்கே ஒரே திராட்சை என்ற பேச்சே குறைவு, கலப்புதான். ஜிரோந்த் முகத்துவாரத்துக்கு இடது கரையில், மெடோக் பக்கம், மண் முழுக்கச் சரளைக்கல். தண்ணீர் தேங்காது, பகலில் வாங்கிய சூட்டைக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவின்யோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையில், சாந்த் எமிலியோன், போமரோல் பக்கம், களிமண் அதிகம், குளிர்ச்சி. சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்கு அது போதும்.

சரி, ஏன் கலக்கிறார்கள்? மெர்லோ முன்னதாகவே துளிர்த்துப் பூக்கும், அந்த நேரத்தில் பனியோ மழையோ வந்தால் காய் பிடிக்காது. செப்டம்பர் கடைசியில் மழை கொட்டினால் அடி வாங்குவது கேபர்னே. இரண்டையும் நட்டு வைத்தால் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். கடலோர வானிலையை நம்பி வாழும் விவசாயி வேறு என்ன செய்வார்?

பழுத்தகொடி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஊரும் திராட்சையும் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்று சுவர் சூழ்ந்த ஒரே தோட்டம், சுமார் 50 ஹெக்டேர், அதற்கு 80 பேர் அளவில் சொந்தக்காரர்கள். எல்லாம் பினோ நுவார், எல்லா பாட்டிலிலும் ஒரே பெயர். மேட்டில் கொடி வரிசை வைத்திருப்பவரும், அடியில் நெடுஞ்சாலை ஓரம் ஈர மண்ணில் வைத்திருப்பவரும் தரும் ஒயின் ஒன்றாக இருக்கவே முடியாது. தயாரிப்பாளர் பெயரைப் பார்க்காமல் பர்கண்டியில் காசு போடாதீர்கள்.

தென்கரை:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், அல்சாஸ் பாட்டிலில் மட்டும் ரீஸ்லிங் என்று திராட்சைப் பெயர் பார்த்தேனே?

மலைக்காற்று:
ஆமாம், அல்சாஸில் திராட்சைப் பெயரைப் போடுவது பழக்கம், ஒல்லியான உயர பாட்டிலை வைத்தே அடையாளம் தெரியும். தெற்கே ‘பேய் தோக்’ (Pays d'Oc) என்று போட்ட ஒயின்களிலும் திராட்சைப் பெயர் இருக்கும்.

ஆனால் நீங்கள் போஜொலேயில் தொடங்குங்கள், பக்கத்தில் இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. ஒரு மோர்கோன், ஒரு ஃப்ளூரி, ஒரே வருடத்து பாட்டிலாக வாங்கி இரண்டையும் ஒன்றாகத் திறங்கள். இரண்டும் காமே, பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஃப்ளூரி இளஞ்சிவப்புக் கருங்கல் மண், ஒயின் மென்மையாக, பூ வாசத்தோடு வரும். மோர்கோனில் கோத் து பீ குன்றின் மண் வேறு, ஒயின் கெட்டியாக இருக்கும், சில வருடம் வைத்தும் குடிக்கலாம். லேசாகக் குளிரவைத்துக் குடியுங்கள், இரண்டில் எது பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள்.