மறு: ‘டேட்டா ப்ரீச்’: கசிவா, உடைப்பா, களவா?

நண்பர்களே,

நாளை மாலை கோப்பு போயாக வேண்டும். இத்தனை மடலுக்கு அப்புறமும் தலைப்பில் ‘டேட்டா ப்ரீச்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் இல்லை. அரசுத்துறைக் கணினியிலிருந்து மக்களின் விவரம் வெளியாள் கைக்குப் போய்விட்டால் கலிஃபோர்னியாவில் அவர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் மாதிரி இது. 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பின்னால் திருத்தித் திருத்தி, ‘என்ன நடந்தது’, ‘நாங்கள் செய்வது என்ன’ என்ற உட்தலைப்புகள், எழுத்து 10 புள்ளிக்குக் குறையக்கூடாது என்பதுவரை அதில் சேர்த்துவிட்டார்கள்.

> கசிவு போதும், செய்தித்தாளில் அதுதான் வருகிறது.

வருகிறது, சரி. ஆனால் சட்டம் கேட்பது ஒழுகியதா என்றல்ல, உரிமையில்லாதவர் எடுத்துக்கொண்டாரா என்று. இன்னொன்று, சட்டத்தின் ஆங்கில மூலத்தில் உடைவது தரவே அல்ல, அமைப்பின் பாதுகாப்பு. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த தரவு போனால், அதைப் பிரிக்கும் திறவியும் கூடப் போகாதவரை கடிதமே வேண்டாம் என்பதைக் கசிவை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவீர்கள்?

> உடைப்பு பிறவினை. தானாக ஆனால் உடைவு.

வைகை உடைப்பெடுத்தபோது எவன் கடப்பாரையோடு நின்றான்? (சொக்கன் வேலை என்பீர்கள், அது வேறு கதை.) ஏரி, ஆறு, கால்வாய் எல்லாவற்றுக்கும் உடைப்புதான், யார் உடைத்தது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. நமக்கும் அதுதானே வேண்டும்?

> தரவுக் களவு. இயைபும் அமைகிறது.

ஐயா, அமைகிறது, மறைவான காதலைப் பேசும் களவியலும் கூடவே வந்து நிற்கிறது. அதைவிட, யாரோ எடுத்திருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே கடிதம் போக வேண்டும். திருட்டு என்று ஒரு துறை தன் கையெழுத்தில் எழுதாது. ‘தரவு’ கலிப்பாவின் உறுப்பு, அதை எடுத்தாளக்கூடாது என்று நேற்று நீங்கள் எழுதிய நீண்ட மடலை ரசித்துப் படித்தேன், ஆனால் அந்தச் சண்டை முடிந்து வெகுகாலம் ஆகிறது.

‘காப்புடைப்பு’ சுருக்கம்தான், எனக்கும் முதலில் பிடித்தது. என் மனைவி படித்துவிட்டு யாருடைய வளையல் உடைந்தது என்று கேட்டாள். அத்தோடு விட்டேன்.

எண்ணிப் பார்த்ததில் உடைப்புக்கு ஐந்து பேர், கசிவுக்கு நான்கு, களவுக்கு ஐயா ஒருவர். ‘தரவுப் பாதுகாப்பு உடைப்பு’ என்று போட்டு அனுப்புகிறேன். நீளம்தான், தெரியும். ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

---

> ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும்

ஒற்று சரி. சொல் தவறு. கசிவே.