எஸ்.எஸ். போல்ட்டில் திரெட்லாக்கர் இறுகவில்லையா? பிரைமர் போட்டவர்களின் அனுபவங்கள்

பட்டறைக்காரன்:

பேக்கிங் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. இந்த இயந்திரங்களில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பகுதி முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) போல்ட், மற்ற இடங்களில் சாதா இரும்பு போல்ட், இரண்டிலும் ஒரே நீலத் திரெட்லாக்கர்தான் (போல்ட் கழலாமல் இருக்க மரையில் விடும் பசை) போட்டிருப்பார்கள். பிரிக்கும்போது இரும்பு போல்ட் கடைசி மரை வரை ஸ்பேனரை எதிர்த்துக்கொண்டே வரும். எஸ்.எஸ். போல்ட்டோ முதல் இளக்கலுக்கு அப்புறம் விரலாலேயே சுழன்று வந்துவிடும், மரைக்குள் நீலத் திரவம் ஈரம் மாறாமல் இருக்கும். சென்சார் பிராக்கெட்டிலிருந்து இப்படிக் கழன்ற ஒரு எம்6 (6 மி.மீ. மரை) போல்ட் கன்வேயர் செயினுக்குள் போய் மாட்டிக்கொண்ட இயந்திரத்தைப் பார்த்த பிறகு, இந்த விஷயத்தை விடக்கூடாது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

பசை போலி, பாட்டில் பழசு என்று உடனே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் பசையில் தப்பில்லை. பெயின்ட் காற்று பட்டுக் காய்கிறது, இதற்குக் காற்று பட்டால் இறுகவே இறுகாது. ஆக்சிஜன் நின்றுபோக வேண்டும், அதோடு உலோகத்திலிருந்து இரும்பு அல்லது செம்பு அயனிகள் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் திரவம் திரவமாகவே கிடக்கும். பாட்டிலை முழுக்க நிரப்பாமல், காற்று ஊடுருவும் பிளாஸ்டிக்கில் விற்பதும் இதனால்தான். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் முதலில் கிடைத்த இந்த வகைத் திரவம் உறைந்துவிடாமல் இருக்க, அதற்குள் தொடர்ந்து காற்றுக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததாம். அதைப் பாட்டிலில் அடைத்து வைக்கிற மாதிரி மாற்றியவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் க்ரீபில், 1953ல். லாக்டைட் என்கிற திரெட்லாக்கர் பிராண்டு அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது எஸ்.எஸ்.ஸுக்கு வருவோம். அதன் மேல் இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதைத் துருப்பிடிக்காமல் காக்கிறது, அதே படலம்தான் பசைக்கு வேண்டிய அயனிகளையும் வெளியே விடுவதில்லை. துத்தநாகப் பூச்சு, கேட்மியம் பூச்சு, அனோடைஸ் செய்த அலுமினியம், டைட்டானியம் எல்லாமே இந்த வகை. சாதா இரும்பு, செம்பு, பித்தளை, வெண்கலம் என்றால் தானாகவே வேலை நடக்கும். கடையில் வாங்குகிற போல்ட்டில் பெரும்பங்கு துத்தநாகப் பூச்சுதான் என்பதை யாரும் யோசிப்பதில்லை, "இரும்பு போல்ட்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

பிரைமர் என்பது பசைக்கு முன்னால் மரையில் தடவுகிற திரவம். உலோகம் தரவேண்டிய அயனியைச் செம்பு வகைப் பிரைமர் கொண்டுவந்து வைக்கிறது. லாக்டைட்டில் 7649 என்கிற எண்ணில் வருவது அசிட்டோனில் கரைத்த செம்பு உப்பு. தடவினால் ஒரு நிமிடம் போல ஆகும், அசிட்டோன் பறந்துவிடும், செம்பு மரையில் நிற்கும். அதன் மேல் பசை. எங்கள் எஸ்.எஸ். பகுதிகளில் இப்படிப் போட ஆரம்பித்த பிறகு பிரிக்கும்போது வரும் எதிர்ப்பே வேறு, மரையில் ஈரம் இல்லை, வெள்ளைத் தூள்தான் உதிர்கிறது. இறுகிய பசை உடைந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாகப் பிரைமர் போட்டும் சரிவராத இடங்கள்.

குளிர்காற்று:

எனக்கு எஸ்.எஸ். பிரச்சினை இல்லை அண்ணே, குளிர்தான் பிரச்சினை. திறந்தவெளியில் பம்ப் செட் நிறுவுகிற வேலை, குளிர்காலத்தில் விடியற்காலையில் 5 டிகிரிக்குக் கீழே போய்விடும். பசை அட்டையில் 24 மணி நேரத்தில் முழு பலம் என்று போட்டிருப்பது சுமார் 22 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. குளிரில் அதை நம்பி மறுநாள் மோட்டாரை ஓட விட்டால் கப்ளிங் கார்டு போல்ட் எல்லாம் மெல்ல இளகி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம், அதுவும் சாதா இரும்பு போல்ட்டில். பிரைமர் தடவிப் போட்டதும் நிலைமை மாறியது. போல்ட்டையும் நட்டையும் முன்னாடியே வண்டிக்குள் வைத்துக் கொஞ்சம் சூடேற்றிக்கொள்வதும் உதவுகிறது, இரும்பு சில்லென்று இருந்தால் ஈரம் படிந்துவிடும், அந்த ஈரத்தின் மேல் பிரைமர் போட்டுப் பயனில்லை.

அச்சாணி:

எல்லாரும் பிரைமரைப் புகழ்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரைமர் போட்டால் பிடிப்பு கூடும் என்று நினைத்து எல்லா போல்ட்டிலும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேகத்தைத்தான் கூட்டும், பலத்தைக் கூட்டாது. சொல்லப்போனால் கடைசியில் கிடைக்கும் பலம் கொஞ்சம் குறையக்கூட வாய்ப்பு உண்டு, அவசரமாக இறுகுகிற பசை மெதுவாக இறுகுகிற பசை அளவுக்கு ஒழுங்காகச் சேர்வதில்லை. நல்ல சுத்தமான சாதா இரும்பு, சாதாரண வெப்பநிலை, ஒரு நாள் காத்திருக்க நேரம் இருக்கிறது என்றால் பிரைமர் வேண்டாம், பசை தன் வேலையைத் தானே செய்யட்டும்.

இன்னொன்று, இதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். நீளமான எம்12 ஸ்டட் (தலையில்லாத போல்ட்), மரையும் நீளம், பிரைமர் தாராளம், மேலே பிடிப்பு அதிகமான சிவப்புப் பசை. இப்படிப் போட்ட ஒரு அசெம்பிளி எங்களிடம் வந்தது. நட்டைப் பாதி வழி ஓட்டிவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் மரைக்குள் பசை இறுக ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் டார்க் ரெஞ்ச் (குறித்த டார்க், அதாவது திருப்பு விசை, வந்ததும் சத்தம் தரும் ஸ்பேனர்) வைத்தால் "கிளிக்" என்று கேட்கும், எல்லாரும் திருப்தி. அந்த டார்க் முழுக்கப் பசையை உடைக்கச் செலவாகியிருக்கிறது, பாகங்களை நெருக்கிப் பிடிக்கிற இழுவைக்கு போல்ட் வரவே இல்லை. ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறது! போல்ட்டைப் பிடித்து நிறுத்துவது முதலில் அந்த இழுவைதான், பசை அதற்கு அப்புறம். அதனால் பிரைமர் போட்ட போல்ட்டை ஓட்டினால் ஒரே மூச்சில் கடைசி டார்க் வரை முடித்துவிட வேண்டும். எட்டு போல்ட் ஃபிளாஞ்ச் என்றால் எல்லாவற்றுக்கும் முதலில் பிரைமர் மட்டும் தடவி வைத்துக்கொள்ளுங்கள், பசையை இறுக்கப்போகிற நேரத்தில் போடுங்கள்.

மரையாணி:

பாலிகார்பனேட் மூடி இருக்கிற இடத்தில் பிரைமர் பாட்டிலைத் திறக்காதீர்கள். பசையே சில பிளாஸ்டிக்கில் முடி போல விரிசல் உண்டாக்கும், இதில் அசிட்டோன் வேறு. எங்கள் பக்கம் ஒரு கண்ட்ரோல் பேனலின் ஒளி ஊடுருவும் மூடி, போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடித்து வந்தது. ஏபிஎஸ், அக்ரிலிக் இரண்டும் அப்படியே. அந்த இடத்தில் நைலான் செருகிய லாக் நட் போடுங்கள், பசையே வேண்டாம்.

புதுக்கை:

ஒரு சந்தேகம் சார். பிரைமர் போட்டுத்தான் இறுக்கினேன், ஆனால் நட்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கிற பசை மறுநாளும் ஈரமாக இருக்கிறது. உள்ளேயும் இறுகவில்லை என்று அர்த்தமா? கழற்றி மறுபடி போடவா? ஸ்பிரிங் வாஷரும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

பட்டறைக்காரன்:

கழற்ற வேண்டாம் தம்பி. வெளியே இருப்பது காற்றில் நிற்கிறது, அது அப்படித்தான் ஈரமாக இருக்கும், துணியால் துடைத்துவிடுங்கள். மரைக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை வெளியே இருக்கிற சொட்டை வைத்துச் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் அதே பெட்டியிலிருந்து வேறொரு போல்ட், நட் எடுத்து, அதே மாதிரி சுத்தம் செய்து, அதே பிரைமர், அதே பசை போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதைக் கழற்றிப் பாருங்கள். புதுச் சரக்கு போல்ட் வரும்போதெல்லாம் நான் இதைச் செய்கிறேன், பூச்சு மாறியிருப்பது அட்டையைப் பார்த்தால் தெரியாது, இதில் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங் வாஷர் பற்றி: அதைக் கழற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. போல்ட்டை முழு டார்க்குக்கு இறுக்கியதும் அது தட்டையாகிவிடுகிறது, அப்புறம் சாதா வாஷருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நாசா 1990ல் வெளியிட்ட ஃபாஸ்ட்னர் கையேட்டிலேயே இதன் பூட்டும் திறன் இல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். போல்ட் கழல்வதற்குப் பக்கவாட்டு அசைவுதான் முக்கியக் காரணம் என்று ஜெர்மனியின் யுங்கர் 1969ல் சோதனை செய்து காட்டினார். இரண்டு பாகமும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்போது மரையில் உராய்வின் பிடி விடுகிறது, நட் தானாகத் திரும்புகிறது. திரெட்லாக்கர் மரைக்கும் மரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியையே நிரப்பிவிடுவதால் அந்த அசைவுக்கு இடமில்லாமல் போகிறது, அதனால்தான் இதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

அச்சாணி அண்ணன் சொன்னதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒரே மூச்சில் இறுக்க வேண்டும். அதோடு சுத்தம். பிரைமர் எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடும் என்று நம்பி அழுக்கு போல்ட்டின் மேலேயே அடிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எண்ணெய்ப் படலத்தின் மேல் செம்பு உட்கார்ந்தால் மொத்தமும் சேர்ந்து வழுக்கும். முதலில் அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், துடைத்து உலர விட்டு, அப்புறம் பிரைமர், அதை மறுபடி துடைக்கக்கூடாது, அப்புறம் பசை. அடைத்த துளை (மறுபக்கம் திறக்காத துளை) என்றால் பசையைத் துளையின் அடியில் விடுங்கள். போல்ட் மேல் விட்டால் உள்ளே அகப்பட்ட காற்று பசையை வெளியே தள்ளிவிடும். பாட்டில் மூக்கை உலோகத்தில் தொடாமல் சொட்டு விடுவதும் முக்கியம், பிரைமர் பட்ட போல்ட்டைத் தொட்டுவிட்டால் பாட்டில் வாயிலேயே பசை இறுகும்.

தடவி வைத்த பிரைமர் எத்தனை நாள் தாங்கும் என்று தனியே கேட்டிருந்தார்கள். வகையைப் பொறுத்தது. 7649 தடவிய பாகத்தை 30 நாளுக்குள் பயன்படுத்தலாம், லாக்டைட்டின் இன்னொரு பிரைமரான 7471 என்றால் 7 நாள்தான், அதுவும் தூசி படாமல் மூடி வைத்தால்.

இந்த நீலம், சிவப்பு எல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நிறம் இல்லை, அட்டையைப் படித்து வாங்குங்கள். பிரைமரே வேண்டாம் என்று எழுதிய வகைகளும் இப்போது வருகின்றன, லாக்டைட் 243 அப்படி, கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், எஸ்.எஸ்.ஸிலும் இறுகும். சாதாரண வெப்பத்தில் எம்8, எம்10 அளவுக்கு நான் இப்போது அதைத்தான் எடுக்கிறேன். குளிர், மரை தளர்வான போல்ட், அன்றைக்கே இயந்திரத்தை ஓட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மட்டும் பிரைமர் பாட்டில் கைக்கு வரும்.

புதுக்கை:

நன்றி சார். சிவப்புப் பசை போட்டதைப் பின்னால் கழற்ற முடியுமா?

அச்சாணி:

முடியும். ஹீட் கன்னோ சின்ன டார்ச்சோ வைத்து நட்டை மட்டும் 250 டிகிரி வரை சூடாக்கி, சூடு இருக்கும்போதே திருப்ப வேண்டும். ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிரைமர் போட்டிருந்தாலும் இதே முறைதான். ஆனால் பக்கத்தில் ஆயில் சீல், பேரிங், வயர் இருந்தால் சூடு வைக்காதீர்கள், எம்6க்கும் சின்ன போல்ட்டுக்கும் சிவப்பே போடாதீர்கள், திருப்பும்போது போல்ட் தலை முறிந்து கையோடு வரும்.

டைட்டானியம் போல்ட்டில் 7471 போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.