உள்ளே இருப்பவருக்காக வெளியே இருப்பவர்கள்: காவிரி டெல்டா குடும்பங்களின் அனுபவங்கள்

குடவாசல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா

கோயில் திருவிழாவில் நடந்த அடிதடியில் என் தம்பியை ரிமாண்ட் செய்தார்கள். முதலில் கிளைச் சிறை, அப்புறம் திருச்சி மத்திய சிறை. இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. புதுக்கோட்டை சாலையில் இருக்கும் அந்தச் சிறை வாசலில் அவனைப் பார்க்க மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றோடு பேசியிருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்திருப்பார்கள். "என்னம்மா கேஸ், எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா என்னைக்கு?" என்று கேட்டால், "அதெல்லாம் வக்கீலுக்குத்தான் தெரியும்" என்பதுதான் பதில். இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வழக்கை நடத்துவது வக்கீலின் வேலை. வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது வீட்டு ஆட்களின் வேலை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், போட்டிருக்கும் பிரிவுகள், ரிமாண்ட் ஆன தேதி, எந்த நீதிமன்றம், சிறையில் கொடுத்த கைதி எண் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். குற்றப்பத்திரிகை கோர்ட்டில் ஏறி நம்பர் ஆனதும் 'சிஎன்ஆர்' என்று 16 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடும். யாரையும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

ரிமாண்ட் தேதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திருத்துறைப்பூண்டி பக்கத்து அம்மா ஒருவர் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் போய் 60 நாள் தாண்டிவிட்டது, குற்றப்பத்திரிகை இன்னும் போடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். போலீஸ் 60 நாளுக்குள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை, ஆயுள், தூக்கு வரக்கூடிய வழக்கு என்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உள்ளே இருப்பவரின் உரிமை. ஆனால் தானாக வராது, மனுப் போட்டால்தான் உண்டு. அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். அந்த அம்மாவின் வக்கீல் போனையே எடுக்கவில்லையாம். திருவாரூர் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அப்படியே கிளம்பிப் போகச் சொன்னேன். அங்கே கொடுத்த வக்கீல் மறுநாளே மனுப் போட்டார், பையன் வெளியே வந்தான். காவலில் இருக்கிற யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அப்புறம் மனு பார்ப்பது, அதாவது உள்ளே இருப்பவரைப் போய்ப் பார்ப்பது பற்றி. விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் நாள் வேறு வேறாக இருக்கும், விடுமுறை நாளில் இருக்காது. கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒரிஜினல் ஆதார் கையில் இருக்கட்டும். இ-முலாகாத் என்ற இணையதளத்தில் முன்பதிவு செய்யவும் வழி இருக்கிறது. உள்ளே போனால் ஒரே சத்தம், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம், அதில் பாதி அழுகையிலேயே போய்விடும். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன்: வாய்தா தேதி, வக்கீல் சொன்னது, அம்மாவின் சர்க்கரை அளவு, கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது. அவன் முதலில் கேட்பது கன்றுக்குட்டியைத்தான். வழக்கில் என்ன நடந்தது, யார் அடித்தது என்ற பேச்சை மட்டும் அங்கே எடுக்காதீர்கள், நாலு காது கேட்கும். அதை வக்கீலிடம் தனியாகப் பேசட்டும்.

மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டர் சீட்டின் நகலோடு ஒரு மனு எழுதி சிறை மருத்துவரிடம் சேருங்கள், ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைச் சிறையில் அவர் பேரில் உள்ள கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். "உள்ளே ஆள் இருக்கு, நான் சேர்த்துடுறேன்" என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பீடி, போன், பொட்டலம் எதுவாக இருந்தாலும் மற்றவர் கொடுத்ததை வாங்கி உள்ளே கொண்டுபோக வேண்டாம். அது உங்கள் மேலேயே வழக்காகிவிடும்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு மனைவி

அக்கா எழுதியது எல்லாம் சரி. நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிறைக்குப் போனபோது சம்பா கதிர் முற்றி நின்றது. நிலம் அவர் பேரில், பயிர்க்கடன் அவர் பேரில், பேங்க் புத்தகமும் அவர் பேரில். கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டும் என்றால் நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா, யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் அடங்கல், ஆதார், பேங்க் புத்தகம் கேட்பார்கள், பணமும் கணக்கில்தான் ஏறும். மூட்டையைக் களத்தில் போட்டுவிட்டு மழை வந்தால் நெல் முளைத்துவிடும். வியாபாரியோ நம் நிலைமை தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்.

நான் நேராக விஏஓவிடம் போய், இந்தப் போகம் வயலைப் பார்ப்பது நான்தான், நடவு ஆட்களுக்குக் கூலி கொடுத்ததும் நான்தான் என்று சொல்லி, சாகுபடி செய்பவர் என்று அடங்கலில் என் பேரைப் போட்டு வாங்கினேன். மறைக்காமல் சொன்னேன், அவரும் வயலை வந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். நெல் என் கணக்கிலேயே போனது.

அடுத்த போகத்துக்குள், அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம், அதாவது பவர் எழுதினோம். சிறையில் இருப்பவர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டியதில்லை என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. சார்பதிவாளரே சிறைக்கு வந்து கேட்டுப் பதியலாம், ஆள் அனுப்பியும் கேட்கலாம். அதற்குச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் பதிவு அலுவலகத்துக்கும் மனுக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் என்னென்ன அதிகாரம் என்று தெளிவாக எழுதுங்கள். கடன் புதுப்பிக்க, நெல் விற்க, பேங்கில் பணம் எடுக்க என்று இருந்தால் போதும். நிலத்தை விற்கும் அதிகாரத்தை யாருக்கும் எழுத வேண்டாம், கூடப் பிறந்தவராகவே இருந்தாலும்.

அவர் போன மறுவாரமே வட்டிக்குக் கொடுத்தவர் ஒருவர் வெற்றுப் புரோநோட்டோடு வந்து, "மனு பார்க்கப் போகும்போது ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்மா" என்றார். பயந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டத் தோன்றும். எந்த வெற்றுத்தாளிலும் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுதிக் கொடுக்கலாம்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்மாமன்

என் அக்கா மகனுக்கு ஜாமீன் உத்தரவு வந்தும் ஆள் வெளியே வரவில்லை. காரணம் ஜாமீன்தாரர். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. நான் ஒருவன். இன்னொருவருக்கு ஊரில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். எல்லோரும் நல்லவர்கள்தான், காபி கொடுத்தார்கள், வீட்டு வரி ரசீது கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கடைசியில் முன்வந்தவர் அவனுடைய பழைய வாத்தியார். அதனால் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல், மனுப் போடும்போதே இரண்டு ஆட்களையும் பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, இந்த வருட வரி ரசீது, போட்டோ எல்லாம் தயாராக இருக்கட்டும். சொத்து மதிப்புச் சான்று கேட்டால் தாசில்தார் அலுவலகத்தில் நாளாகும்.

ஆளே கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜாமீன் உத்தரவை நீதிமன்றம் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறை நிர்வாகம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் இல்லையென்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்ட உதவும் மத்திய அரசுத் திட்டமும் அதே வருடம் வந்தது. தொடங்கியபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரை. எல்லா வழக்குக்கும் இது கிடையாது. இதற்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்தான் கேட்க வேண்டும்.

வெளியே வந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். பையன் திருப்பூரில் வேலை பார்த்தவன், "ரெண்டு நாள் போயிட்டு வந்துடுறேன் மாமா" என்றான். விடவில்லை. கையெழுத்து விட்டுப்போனால் ஜாமீனையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போடுவார்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு வக்கீல் மூலம் தளர்வு கேட்டு வாங்கினோம்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மகன்

அப்பா தண்டனைக் கைதி. தீர்ப்பு வந்த அன்று வீட்டில் யாருக்கும் கைகால் ஓடவில்லை, ஆனால் நாள் அன்றிலிருந்தே எண்ண ஆரம்பிக்கிறது. செஷன்ஸ் கோர்ட் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள், மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் அப்பீல். தீர்ப்பு நகல் அவருக்கு இலவசம். நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு: தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும், திருவாரூர், நாகை வழக்குகள் சென்னைக்குப் போகும். சிறை திருச்சியில் இருப்பதால் எல்லாம் மதுரைதான் என்று நினைத்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டி இறந்தபோது அப்பாவை அவசர விடுப்பில் அழைத்து வந்தோம். பரோல் என்று நாம் சொல்வதுதான், தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கிறது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் இறந்தாலோ கடுமையாக நோய்வாய்ப்பட்டாலோ, பிள்ளைகள் அல்லது கூடப் பிறந்தவர்கள் கல்யாணத்துக்கோ கேட்கலாம். விஏஓவிடம் சான்று வாங்கிக்கொண்டு சித்தப்பா திருச்சிக்கு ஓடினார், நான் ஊரில் ஸ்டேஷனில் நின்றேன். இரண்டு பக்கமும் ஆள் நின்றதால்தான் அன்றைக்கே நடந்தது. வழிக்காவலோடு வந்தார். கூட வந்த காவலர்கள் கொல்லைப்புறம் தள்ளி நின்று, அவர் மொட்டை அடித்து, கொள்ளி வைத்து முடிக்கும்வரை அவசரப்படுத்தவில்லை. அந்த மரியாதையை எங்கள் வீடு மறக்காது.

விசாரணைக் கைதிக்கு இந்த விதி பொருந்தாது. அவருக்கு நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும். சாவு வீட்டில் இது தெரியாமல் சிறை வாசலுக்கு ஓடி நேரம் போய்விடக் கூடாது என்று சொல்லி வைக்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை

பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. "அப்பா சிங்கப்பூர் போயிருக்கார்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் என்பதால் குழந்தை நம்பிவிடும். பிறகு வகுப்பில் இன்னொரு பிள்ளை உண்மையைப் போட்டு உடைக்கும். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை அன்று முழுவதும் பேசவே இல்லை. அடுத்த நாள் அவளுடைய அம்மாவை வரச் சொல்லி மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அப்பா மேல் ஒரு வழக்கு இருக்கிறது, நீதிபதி விசாரிக்கிறார், அதுவரை அவர் அங்கே இருக்க வேண்டும், உன் மேல் தப்பு ஒன்றும் இல்லை என்று அம்மாவே சொன்னார். குழந்தை கேட்ட ஒரே கேள்வி, "அங்க சாப்பாடு போடுவாங்களா?" இப்போது மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள், பரீட்சை மதிப்பெண்ணையும் அதில் எழுதுகிறாள். வகுப்பு ஆசிரியரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லி வையுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வலங்கைமானிலிருந்து ஒருவர்

அக்கா, நேற்று ராத்திரி என் அண்ணனைப் பிடித்துப் போய்விட்டார்கள். இன்று ரிமாண்ட் என்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒருவர், ஐம்பதாயிரம் கொடுத்தால் திங்கட்கிழமை வெளியே கொண்டுவருவேன் என்கிறார். அம்மா தாலியை அடகு வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

குடவாசல் அக்கா

தம்பி, நகையை எடுக்க வேண்டாம். திங்கட்கிழமை வெளியே கொண்டுவருவதாக யாராலும் உறுதி தர முடியாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதை இப்போதே எழுதி வை. ஆஜர்படுத்தும் இடத்துக்கு நீயும் போ. உடம்பில் அடி இருந்தால் அண்ணனே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும், வாய்ப்புக் கிடைத்தால் அவன் காதில் இதைப் போடு. வக்கீல் வேண்டும் என்றும் அங்கேயே கேட்கலாம், ரிமாண்ட் நேரத்துக்கென்றே இலவச வக்கீல் உண்டு. எந்தச் சிறைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொள். அண்ணனுக்கு ஏதாவது மாத்திரை உண்டா? இருந்தால் சீட்டைத் தேடி எடு. அம்மாவை இன்றைக்கு அலைய விடாதே, சாப்பிட வை. குற்ற எண்ணும் பிரிவுகளும் தெரிந்ததும் இங்கே எழுது, ராத்திரி எத்தனை மணியானாலும் நான் பார்க்கிறேன்.