'வித்' என்றால் 'உடன்' மட்டும்தானா?

செம்பருத்தி: பள்ளியில் 'ஃபைட் வித்' என்று எழுதியதற்கு வாத்தியார் ஒரு மார்க்கைக் குறைத்தார். வித் என்றால் உடன், எதிராளி பக்கம் நின்றா சண்டை போட்டாய், 'அகெய்ன்ஸ்ட்' போடு என்றார். இத்தனை வருஷம் கழித்து அகராதியைப் பார்த்தால், பழைய ஆங்கிலத்தில் வித்தின் முக்கியப் பொருளே 'எதிராக'! உடன் என்பதற்கு 'மிட்' என்று தனிச்சொல் இருந்திருக்கிறது, ஜெர்மன்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். வாத்தியார் சொன்னது தப்பு.

கரிசல்காடு: ஆதிப்பொருளை வைத்து இன்றைய வழக்கைத் தீர்க்க முடியாது. நாற்றம் ஒருகாலத்தில் நறுமணம்தான், அதற்காகப் பூக்காரம்மாவிடம் போய் 'நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள்.

செம்பருத்தி: வித் அப்படி முழுசாக மாறவில்லையே. 'வித்ஸ்டேண்ட்' என்றால் எதிர்த்து நிற்பதுதானே? மிட் செத்துப்போனாலும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரசவத்தில் உடனிருக்கும் பெண் என்று பொருள். நான் இவ்வளவு நாளும் அந்த மிட் 'நடு' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரிசல்காடு: அதெல்லாம் பழைய கூட்டுச்சொற்கள். தனியாக நிற்கும் வித் குழப்பும். 'பிரிட்டன் பிரான்ஸ் வித் சண்டை போட்டது' என்கிறீர்கள், 1815இல் வாட்டர்லூவில் பிரான்ஸ் எதிரி, 1914இல் கூட்டாளி. எதைச் சொல்கிறீர்கள்? வாத்தியார் கேட்டது நியாயம்தான்.

திண்ணை: குறுக்கே வருகிறேன். 'பிரான்சுடன் போரிட்டது' என்று தமிழில் எழுதினாலும் அதே குழப்பம்தானே? ஆனால் 'பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை' என்றால் யாராவது குழம்புகிறோமா? அப்புறம், 'வித் எ நைஃப்' என்பதை நாம் 'கத்தியால்' என்போம், அங்கே ஓடு வராது. ஆனால் தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்குப் பெயரே 'ஒடு' என்று வைத்து, அதற்கு வினைமுதல், கருவி என்று பொருள் சொல்கிறார். நன்னூலும் ஆல், ஆன், ஒடு, ஓடு நான்கையும் ஒரே வேற்றுமையில்தான் வைக்கிறது. உடனிருப்பதும் கருவியும் ஒரே உருபில் வருவது நமக்கும் புதிதில்லை.

கரிசல்காடு: சரி, இன்று ஒரு பையன் 'கத்தியோடு பழம் நறுக்கினேன்' என்று எழுதினால் தொல்காப்பியத்தைக் காட்டி மார்க் போடுவீர்களா?

செம்பருத்தி: போடமாட்டேன், ஏனென்றால் இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'ஃபைட் வித்' அப்படியா, அதை ஆங்கிலேயர்களே தினமும் சொல்கிறார்கள். வழக்குதான் முக்கியம் என்று ஆரம்பித்தது நீங்கள்தானே? என் மார்க்கைக் கொடுங்கள்.