எச்லெட்ஜரில் ரொக்கமாக வாங்கிய லாரித் தண்ணீரை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

மூன்றாம்மாடி:

வணக்கம். சென்னையில் 24 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்புக்கு நான்தான் பொருளாளர். முப்பது வருஷம் கூட்டுறவுப் பண்டகசாலையில் பேரேடு எழுதியவள். மகன் எச்லெட்ஜர் என்ற, கட்டளை தட்டிக் கேட்கும் கணக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். பற்று வரவு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த மென்பொருளிடம் கேள்வி கேட்கும் விதம்தான் பிடிபடவில்லை.

லாரித் தண்ணீருக்கு ரொக்கமாகக் கொடுத்தது எவ்வளவு என்று தணிக்கைக்கு வருபவர் தனியாகக் கேட்கிறார். சில லாரிகளுக்கு வங்கியிலிருந்து போனது, மற்றவற்றுக்கு வாட்ச்மேன் கையில் பணம் கொடுத்தனுப்பினோம். பதிவு இப்படி இருக்கும்:

2024-05-11 லாரித் தண்ணீர்
    செலவு:தண்ணீர்    1800
    சொத்து:ரொக்கம்

"ரெஜிஸ்டர் தண்ணீர் ரொக்கம்" என்று கொடுத்தேன். இரண்டும் சேர்ந்த பதிவுகள் வரும் என்று நினைப்பு. வந்ததோ தண்ணீர்ச் செலவு முழுக்க, கூடவே ரொக்கப் பெட்டியில் நடந்த அத்தனையும். விளக்குமாறு, பல்பு, பொங்கலுக்கு வாங்கிய கரும்பு வரைக்கும்!

(கைபேசியில் மொழி மாற்றி மாற்றித் தட்டப் பொறுமையில்லை, கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டேன்.)

பச்சைத்திரை:

அம்மா, இரண்டு கணக்குப் பெயர் கொடுத்தால் எச்லெட்ஜர் அதை "இதுவோ அதுவோ" என்றுதான் எடுத்துக்கொள்ளும். கணக்குப் பெயரோடு தேதி, தொகை என்று வேறு வகை நிபந்தனை சேர்ந்தால்தான் "இதுவும் அதுவும்". இரண்டு கணக்கும் இருந்தே ஆக வேண்டும் என்றால், நிபந்தனைகளை "ஆண்ட்" போட்டு இணைக்க விடும் எக்ஸ்பிஆர் போட வேண்டும்:

பிரிண்ட் எக்ஸ்பிஆர்:'தண்ணீர்$ ஆண்ட் ரொக்கம்'

இதையே ரெஜிஸ்டரில் போட்டால் ஒன்றுமே வராது. ரெஜிஸ்டர் ஒவ்வொரு போஸ்டிங்காக (பதிவில் உள்ள ஒரு கணக்கு வரி) பார்க்கிறது, ஒரு போஸ்டிங்கில் ஒரு கணக்குதானே இருக்கும்? அது எப்படித் தண்ணீராகவும் ரொக்கமாகவும் இருக்க முடியும்? பிரிண்ட் முழுப் பதிவையும் பார்க்கும். கடைசியில் உள்ள டாலர் குறி, பெயர் அங்கே முடிகிறது என்பதற்கு. அது இல்லாவிட்டால் "செலவு:வரி:தண்ணீர் வரி" என்று ஒரு கணக்கு வைத்திருந்தால் அதுவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கூட்டுத்தொகை வேண்டுமென்றால், பிரிண்ட் தருவதைக் குழாய்க்குறி போட்டு இன்னொரு எச்லெட்ஜருக்கு அனுப்புங்கள்:

... | எச்லெட்ஜர் -எஃப்- -ஐ பேலன்ஸ் 'தண்ணீர்$'

ஐ பெரிய எழுத்தில். பதிவுகளில் "இன்று கையிருப்பு இவ்வளவு" என்று இருப்புச் சரிபார்ப்பு எழுதும் பழக்கம் இருந்தால் அது அவசியம். பிரித்தெடுத்த பதிவுகளில் இருப்பு எப்படிப் பொருந்தும்? அந்தச் சோதனையை விட்டுவிடு என்று சொல்வதுதான் அது.

மூன்றாம்மாடி:

வந்துவிட்டது தம்பி, நன்றி. ஞாயிறுதோறும் பெட்டியை எண்ணி இருப்பு எழுதுபவள் நான். -ஐ போடாமல் ஒருமுறை பார்த்தேன், திட்டு வாங்கினேன்.

இப்போது 1500-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததை மட்டும் கேட்கிறார். ஏஎம்டி:>1500 என்று தொகை நிபந்தனையைச் சேர்த்தேன். பிழை என்றது. அதோடு கணக்குக் கோப்புறையில் "1500" என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு! அழித்துவிட்டு மேற்கோளுக்குள் போட்டேன், பட்டியல் வந்தது. ஆனால் அதில் ஜூன் மாதத்துப் பெரிய லாரி ஒன்றும் இருக்கிறது. மொத்தம் 2500, அதில் 2000 வங்கி, வெறும் 500தான் ரொக்கம். அது ஏன் வருகிறது?

பழைய_சிட்டா:

அந்தக் கோப்பை உண்டாக்கியது, நீங்கள் தட்டும் கட்டளையை முதலில் வாங்கும் ஷெல்தான். மேற்கோள் இல்லாமல் > போட்டால் "இதன் பெயரில் ஒரு கோப்பில் எழுது" என்றுதான் அதற்குப் புரியும். எல்லோரும் ஒருமுறை செய்வதுதான் மேடம்.

ஜூன் லாரி விஷயம் சுவாரசியம். எக்ஸ்பிஆர் ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பதிவில் எங்கோ ரொக்கம் இருக்கிறதா? இருக்கிறது. எங்கோ 1500-க்கு மேல் தொகை இருக்கிறதா? வங்கிப் போஸ்டிங்கில் 2000 இருக்கிறது. அதற்கு அவ்வளவு போதும். இரண்டும் ஒரே போஸ்டிங்கில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த எனி:

பிரிண்ட் 'தண்ணீர்$' எனி:'ரொக்கம் ஏஎம்டி:<-1500'

ரொக்கம் வெளியே போவதால் கழித்தல் குறி. குறியே போடாவிட்டால் வரவா செலவா என்று பார்க்காமல் அளவை மட்டும் ஒப்பிடும். எனி பழைய பதிப்புகளில் கிடையாது, மகன் எப்போது நிறுவினார் என்று பாருங்கள்.

நான் ஜான் வீக்லி 2003-இல் தொடங்கிய லெட்ஜர் மென்பொருளையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவன். அங்கே லிமிட், டிஸ்ப்ளே என்று இரண்டு வடிகட்டிகள். லிமிட் போட்டால் பொருந்துவதை மட்டும் கூட்டும். டிஸ்ப்ளே எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, பொருந்துவதை மட்டும் காட்டும். இது தெரியாமல், கடைசி வரியில் நின்ற தொகையை ஒரு வருஷ மின்கட்டணம் என்று வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம்மாடி:

எனி வேலை செய்கிறது. ஜூன் லாரி போய்விட்டது.

ஆனால் முதல் பட்டியலைச் சீட்டுகளோடு ஒப்பிட்டபோது சீட்டு 38, பதிவு 37. 1800 ரூபாய் இடித்தது. ராத்திரி பத்து மணி வரை ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கண்டுபிடித்தேன். டேட்:2024-04-01..2025-03-31 என்று கொடுத்திருந்தேன். மார்ச் 31 சாயங்காலம் வந்த லாரியைக் காணோம்! முடிவுத் தேதியை இது சேர்த்துக்கொள்வதில்லையாம். எந்த ஊர் வழக்கமோ, எங்கள் பண்டகசாலையில் "மார்ச் 31 முடிய" என்றால் 31-ம் உள்ளேதான்.

பச்சைத்திரை:

ஐயோ, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2025-04-01 என்று முடியுங்கள் அம்மா.

மூன்றாம்மாடி:

முடித்தேன், 38. அச்செடுத்துக் கொடுத்தாயிற்று. மகன் போனில் "எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா?" என்றான். ஓடுகிறது என்றேன். "1500" கோப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.