காட்டேரிக் கம்பளியும் 11ஏ இருக்கையும்

2025 ஜூன் 12 மாலை குன்னூர் டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் விமான நிபுணர்கள். அகமதாபாத்திலிருந்து மதியம் 1.39க்கு லண்டன் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 787 அரை நிமிடத்தில் மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்திருந்தது. பறவை மோதியது என்றார் ஒருவர். சக்கரம் உள்ளே போகவில்லை, அதுதான் என்றார் இன்னொருவர். குன்னூர் பக்கத்துக் காட்டேரிப் பகுதியில் உள்ள நஞ்சப்பசத்திரத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மட்டும் வாயே திறக்கவில்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேருடன் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது அவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். காயம்பட்டவர்களைத் தூக்கக் கம்பளி கேட்டார்கள். சித்தி பீரோவில் மடித்து வைத்திருந்த புதுக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் மைக்குகள் வந்தன. "எரிந்துகொண்டே விழுந்ததா, விழுந்த பிறகு எரிந்ததா?" அவர் கேட்டது மரம் முறியும் சத்தம், பார்த்தது பனிமூட்டம். இரவுச் செய்தியில் "வானத்திலேயே தீப்பிடித்ததைக் கண்டவர்" ஆகிவிட்டார்! சதி என்று ஊரே பேசியது. 2022 ஜனவரியில் முப்படைகளின் விசாரணை சொன்னது வேறு: சதியும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்த விமானிக்குத் திசை தடுமாறியிருக்கிறது.

அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை ஒரே மாதத்தில் வந்தது. மேலெழும்பிய சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போயிருக்கின்றன. ஏன் அணைத்தாய் என்று ஒரு விமானி கேட்க, நான் அணைக்கவில்லை என்கிறார் மற்றவர். பத்து நொடி கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டும், இன்ஜின்கள் வேகம் பிடிக்கும் உயரம் மிச்சமில்லை. யார் கை பட்டது என்று அறிக்கை சொல்லவில்லை. எங்கள் டீக்கடையில் அதற்கும் தீர்ப்பு தயார்.

விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவர்; தரையில் 19 பேர் இறந்தார்கள். பிழைத்தவரின் இருக்கை 11ஏ, அவசரக் கதவை ஒட்டியது. அடுத்த மாதம் கோவையிலிருந்து சென்னைக்குப் பறந்த என் மச்சான் கூடுதல் பணம் கட்டி 11ஏ வாங்கினார். விமானத்துக்கு விமானம் இருக்கை அமைப்பு மாறும் என்று சொல்லிப் பார்த்தேன். ஏறிப் பார்த்தால் அவசரக் கதவு அடுத்த வரிசையில் இருந்ததாம். "பரவாயில்லை மாப்பிள்ளை, நம்பர் அதேதானே" என்றார்.