சேலத்தில் நொறுங்கிய டாஃபி ஏற்காட்டில் கசந்தது ஏன்?

எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுக்க இனிப்பு கிடையாது. காப்பிக்குப் போடும் சர்க்கரையோடு சரி. அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று பரண் மேல் ஏறும் இனிப்பு டப்பா, ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் கீழே இறங்கும். அந்த நேரத்தில் வாயில் போடும் முதல் துண்டை என் பிள்ளைகள் கடிக்கவே மாட்டார்கள். கரையும் வரை நாக்கிலேயே வைத்திருப்பார்கள். அதைக் கடையில் வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2023-இலிருந்து வீட்டிலேயே வெண்ணெய் டாஃபி செய்கிறேன். அந்த முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மலையில் சமைக்கிற யாருக்கும் உதவும்.

நாங்கள் இருப்பது சேலம் நான்கு ரோடு பக்கம். ஈஸ்டருக்கு மட்டும் ஏற்காட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விடுவோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒண்டிக்கடை தாண்டிப் போனால், காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் சில நாளில் காப்பிச் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடித்து அந்த வாசத்துக்குள் நடந்து வருவதற்காகவே நான் மலையேறுவேன்.

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 9. ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறு மதியம், சேலத்து வீட்டில் ஒத்திகை பார்த்தேன். 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய் (கடையில் கிடைக்கும் உப்புப் போட்டதே போதும், வீட்டு வெண்ணெயில் தண்ணீர் அதிகம் என்பதால் நுரைத்துப் பொங்கும்), மூன்று மேஜைக்கரண்டி தண்ணீர், அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மிட்டாய் காய்ச்சுவதற்கென்றே ஒரு தெர்மாமீட்டர் வாங்கியிருந்தேன். அடுப்பை மிதமாக வைத்து 150 டிகிரி செல்சியஸில் இறக்கித் தட்டில் ஊற்றினேன். ஆறியதும் கரண்டிக் காம்பால் தட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. தவக்காலம் என்பதால் நாங்கள் ருசி பார்க்கவில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

சனிக்கிழமை ஏற்காட்டில் அதே பாத்திரம், அதே அளவு, அதே தெர்மாமீட்டர். 140 தாண்டும்போதே பாகு நல்ல பொன்னிறமாகிவிட்டது. நான் நிறத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். 150 வந்தபோது பாகு கருஞ்சிவப்பாகி, வெண்ணெய் தீய்ந்த வாடை வந்துவிட்டது. ஊற்றி ஆறவைத்து அத்தை ஒரு துண்டை நாக்கில் வைத்துவிட்டு, "கசக்குது கண்ணு" என்றார். 200 கிராம் வெண்ணெய் வீணானது ஒரு பக்கம், இரவுக்குப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்ற கவலை ஒரு பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாடை பிடித்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். இளம் வயதில் எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இந்த மிட்டாயைக் காய்ச்சிக் காய்ச்சியே கை பழகிவிட்டது என்றார். என் தெர்மாமீட்டரை வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, "ஒரு டம்ளர்ல பச்சைத் தண்ணி கொண்டா கண்ணு" என்றார்.

மறுபடி காய்ச்சினோம். பாகு பொன்னிறமாகத் தொடங்கியதுமே பாட்டி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். விரலில் எடுத்தால் மெழுகு மாதிரி வளைந்தது. "இது சவ்வு மிட்டாய்க்குத்தான் ஆகும்." ஒரு நிமிடம் விட்டு இன்னொரு சொட்டு. கம்பியாக விழுந்தது, ஆனாலும் ஒடிப்பதற்கு முன் கொஞ்சம் வளைந்தது. அடுத்த சொட்டை எடுத்து ஒடித்தபோது சட்டென்று முறிந்தது. அந்தத் துண்டைத் தட்டில் போடச் சொன்னார். 'டங்' என்று சத்தம் கேட்டது. "இறக்கு."

கடலை மிட்டாய்க்கும் பொரி உருண்டைக்கும் என் அம்மா பார்த்த அதே பதம்தான்! வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டுச் சத்தம் கேட்பார். டாஃபி என்று ஆங்கிலப் பெயர் வந்ததும் அது ஏதோ வேறு வித்தை என்று நான் நினைத்துவிட்டேன்.

காரணம், ஊர் திரும்பிய பிறகு இயற்பியல் படித்த என் தம்பி சொல்லித்தான் புரிந்தது. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்காடு 1500 மீட்டர். சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதித்தால் ஏற்காட்டில் 95-லேயே கொதித்துவிடும். பாகுக்கும் அதே கணக்குத்தான். டாஃபி பதத்தில் பாகில் 1 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம் இருக்கும். அந்த நிலையைச் சேலத்தில் 150 காட்டுகிறது என்றால் மலையில் 146 காட்டும். நான் அங்கேயும் 150-க்குக் காத்திருந்து பதத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். மலையில் தெர்மாமீட்டரை நம்புகிறவர்கள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் கொதிக்க விட வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சர்க்கரையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு சிறு படிகம் உள்ளே விழுந்தாலும் பாகு மொத்தமும் மணல் மணலாகப் பூத்துவிடும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பதால் படிகம் கட்டுவது குறையும். வறுத்த முந்திரியை நெய் தடவிய தட்டில் பரப்பி மேலே ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, இன்னும் மெத்தென்று இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டால் ஆறியபின் நேராக உடையும்.

அப்புறம், மலையில் மூடுபனி. சாயங்காலம் திறந்து வைத்த துண்டுகள் ராத்திரிக்குள் பிசுபிசுத்துவிட்டன. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஆறின கையோடு, அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து, இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள். அந்த இரவு திருப்பலி முடிந்து வந்து டப்பாவைத் திறந்தபோது பாட்டிக்குத்தான் முதல் துண்டு கொடுத்தோம்.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்? தவறிப்போனதையும் சொல்லுங்கள்.

*

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

அக்கா, நாங்கள் ஈஸ்டர் கொண்டாடுகிற வீடு இல்லை. ஆனால் எதிர் வீட்டிலிருந்து வருடா வருடம் டாஃபி வரும். பதிலுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று அம்மா வெல்லத்தில் முயன்று பார்த்தார். எங்கள் பக்கம் வெல்ல மண்டி இருப்பதால் நல்ல வெல்லத்துக்குப் பஞ்சமில்லை.

சர்க்கரைக்குச் சமமாக வெல்லம் எடுத்துக் காய்ச்சினால் இரண்டு வித்தியாசம் தெரியும். வெல்லம் சீக்கிரம் கருகும், அதனால் தீயை இன்னும் குறைக்க வேண்டும். முதலில் கரைத்து வடிகட்டாவிட்டால் மண் பல்லில் நறநறக்கும். மணல் பூக்கும் பிரச்சினை மட்டும் எங்களுக்கு வந்ததில்லை. வெல்லத்தில் உடைந்த சர்க்கரை இயற்கையாகவே இருப்பதால் எலுமிச்சை தேவைப்படவில்லை. ஆனால் அதே காரணத்தால் ஈரத்தையும் வேகமாக இழுக்கும், இரண்டு நாளுக்கு மேல் வைக்க முடியாது. ருசி கமர்கட்டுக்கும் டாஃபிக்கும் நடுவில் இருக்கும். கொஞ்சம் ஏலக்காயும் சுக்கும் சேர்த்தோம். எதிர் வீட்டு ஆன்ட்டி இப்போது வெல்ல டாஃபிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள்.

*

அஸ்தம்பட்டியிலிருந்து:

எனக்கு வெண்ணெய் பிரிந்துவிட்டது. பாகு ஒரு பக்கம் கட்டியாக, மேலே எண்ணெய் மிதந்தது. கொட்டிவிடலாம் என்று எடுத்தபோது என் நாத்தனார் தடுத்தார். தீயைக் குறைத்து, கொதிக்கும் தண்ணீர் ஒரு மேஜைக்கரண்டி விட்டு, ஓரத்தில் நின்றுகொண்டு நிதானமாகக் கிளறினார் (சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்). இரண்டு நிமிடத்தில் ஒன்று சேர்ந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

பிரிந்ததற்குக் காரணம் நான் அவசரத்தில் தீயைக் கூட்டிக் கூட்டிக் குறைத்ததுதான். பாத்திரமும் மெல்லிசு. ஒரே சீரான சூடும் அடிகனமான பாத்திரமும் இருந்தால் இந்தத் தொல்லை வராது. சர்க்கரையும் வெண்ணெயும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து உருக வேண்டும். இன்னொன்று, சேலம் ஏப்ரல் வெயிலில் டாஃபி மேல் ஊற்றிய சாக்லேட் வெளியில் வைத்தால் இறுகவே இறுகாது. ஃபிரிட்ஜில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தேன். அதிக நேரம் விட்டால் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

*

ஏற்காட்டிலிருந்து:

எல்லாரும் பதம் பற்றிச் சொல்கிறீர்கள், நான் கை பற்றிச் சொல்கிறேன். என் மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது தட்டில் ஊற்றிய டாஃபி ஆறிவிட்டது என்று நினைத்து விரலை வைத்துவிட்டான். மேலே ஆடை கட்டியிருந்தது, உள்ளே கொதி. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு விடாமல் சுடும். யாரோ பற்பசை தடவு என்றார்கள், யாரோ இங்க் என்றார்கள். அதிர்ஷ்டவசமாக என் மாமனார் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் காட்டினார். 20 நிமிடம் ஓடும் தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம், ஐஸ்கூட வேண்டாம் என்றுதான் மருத்துவரும் பிறகு சொன்னார். சின்னக் கொப்புளத்தோடு போனது.

பிள்ளைகள் உதவி செய்ய ஆசைப்பட்டால் முந்திரி உடைக்கவும், ஆறிய துண்டுகளைக் காகிதத்தில் சுற்றவும் விடுங்கள். அடுப்படியில் வேண்டாம்.

*

சூரமங்கலத்திலிருந்து:

பதமெல்லாம் பார்க்கப் பயமாக இருக்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. தட்டில் பட்டர் பேப்பர் போட்டு உப்பு பிஸ்கட்டை (நான் மோனாக்கோ) இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். நாட்டுச் சர்க்கரையும் வெண்ணெயும் சம அளவு உருக்கி, கொதி வந்தபின் மூன்று நிமிடம் காய்ச்சி மேலே ஊற்றுங்கள். 180 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிடம். வெளியே எடுத்ததும் சாக்லேட் துண்டுகளைத் தூவினால் அந்தச் சூட்டிலேயே உருகும், கரண்டியால் தடவிவிடலாம். டாஃபி முழுப் பதத்துக்கு வராவிட்டாலும் பிஸ்கட் மொறுமொறுப்பைக் கொடுத்துவிடும்.

*

முதலில் எழுதிய நானே மறுபடி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வெல்ல டாஃபியைக் கட்டாயம் செய்யப் போகிறேன், பொருட்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. குழாயடி விஷயத்தைச் சொன்ன ஏற்காட்டு சகோதரிக்குத் தனி நன்றி. என் வீட்டில் இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

பல் செட் கட்டியிருக்கும் பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். பாட்டிக்கும் அதே பிரச்சினை வந்தது. போன வருடம் பாகை இறக்கியதும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவைச் சலித்துப் போட்டு ஒரே ஒரு சுற்றுக் கிளறி ஊற்றினேன். சோடா சூட்டில் வாயுவாகப் பொங்கி டாஃபிக்குள் சின்னச் சின்னக் குமிழ்கள் விட்டுவிடுகிறது. கடித்தால் பொரபொரவென்று உடைந்து கரையும், பல்லில் ஒட்டுவதும் குறைவு. அதிகம் போட்டால் சோடா வாடை வரும், கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. சனிக்கிழமை காலையிலேயே காய்ச்சிவிடுவேன், மூடுபனி இறங்குவதற்குள் டப்பா மூடியாக வேண்டும். தெர்மாமீட்டரைச் சேலத்திலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.